குழந்தைகள் கைவிடாத நூல்

பெரியோர்க்கென எழுதப்பெறும் நூல்களுக்குக் காவலர் பலர் உண்டு. திறனாய்வாளர்களும் பல்கலைக்கழகங்களும் பாடத்திட்டக் குழுக்களும் சேர்ந்து, எவரும் விரும்பிப் படிக்காத ஒரு நூலைக்கூட நூறாண்டுகள் உயிரோடு வைத்திருக்க இயலும். சிறுவர் நூலுக்கு இத்தகைய காவல் இல்லை. அதைப் படிப்பவனுக்கு வயது எட்டு. அவன் மதிப்புரை எழுதமாட்டான். ஆசிரியரின் புகழை எண்ணித் தயங்கவும்மாட்டான். பிடிக்கவில்லையென்றால் பாதியில் போட்டுவிட்டு விளையாடப் போய்விடுவான். பிடித்துவிட்டாலோ, கடைசிப் பக்கத்தை முடித்த கையோடு முதற்பக்கத்திற்குத் திரும்புவான். "இன்னொரு தடவை" என்று நம் உயிரை வாங்குவான். இருபது முப்பது ஆண்டுகளுக்குப்பின் தன் பிள்ளைக்காக அதே நூலைத் தேடி அவன் கடைக்கு வருவானாயின், அப்போதுதான் அந்நூல் பிழைத்தது என்று பொருள். இவ்வாறு நான்கைந்து தலைமுறைகளைக் கடந்து வந்த நூல்கள் சிலவே. அவை ஏன் பிழைத்தன?

கற்பனை வளம், பேசும் விலங்குகள், நகைச்சுவை, அழகிய படங்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் பேசும் விலங்குகளும் அழகிய படங்களும் நிறைந்த ஆயிரமாயிரம் நூல்கள் தடமின்றி மறைந்துபோயின. ஆகவே காரணத்தை இன்னும் சற்று ஆழத்தில் தேட வேண்டும். அவ்வாறு தேடும்போது, இலக்கியக் கேள்வியாகத் தொடங்கியது அறநெறிக் கேள்வியாக மாறிவிடுவதைக் காண்கிறோம். குழந்தைக்கு நாம் எவ்வளவு உண்மையைச் சொல்லலாம்? எவ்வளவு உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்?

நம் பங்கைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர் அண்மையில் ஒரு நூலுடன் வந்தார். திரைப்படமாகப் பார்த்து மகிழ்ந்த பினோக்கியோவின் முழுக்கதையையும் தம் மகனுக்கென வாங்கி, இரவுதோறும் ஓர் அதிகாரமாகப் படித்துச் சொல்லி வந்திருக்கிறார். பதினைந்தாம் அதிகாரத்தில் திருடர்கள் மரப்பொம்மையைப் பெரிய ஓக் மரமொன்றில் தூக்கிலிடுகிறார்கள். அவ்விடத்தில் நூலை மூடிவைத்துவிட்டார். "சாமி, இது பிள்ளைகள் புத்தகம்தானா? இதைக் கேட்டுவிட்டு அவன் எப்படித் தூங்குவான்?" என்பது அவர் கேள்வி. துணிந்து முழுவதையும் படியுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். ஆனால் வாசற்படியில் நின்று சொல்லும் விடைக்குள் அக்கேள்வி அடங்குவதில்லை.

அந்நூல் பிறந்த வரலாற்றைப் பார்ப்போம். கார்லோ லொரன்சினி 1826இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை செல்வர் ஒருவர் வீட்டில் சமையற்காரர். உடன்பிறந்தோருள் பலர் சிறு வயதிலேயே மாண்டனர். தாயின் ஊரான கொல்லோதி என்னும் சிற்றூரின் பெயரைப் பின்னாளில் புனைபெயராகக் கொண்டார். இளமையில் குருமடத்தில் சில ஆண்டுகள் படித்தார். (குருமடத்திலிருந்து வெளியேறியவர்கள் இலக்கியத்திற்குச் செய்த தொண்டைப்பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) 1848இலும் 1859இலும் இத்தாலிய விடுதலைப் போர்களில் தொண்டராகச் சேர்ந்து போரிட்டார், அங்கத இதழ் நடத்தினார், எழுதிப் பிழைத்தார்.

நாடு ஒன்றுபட்டபின் பள்ளிகளுக்குப் புதிய நூல்கள் தேவைப்பட்டன. கொல்லோதி 1877இல் 'ஜன்னெத்தினோ', 1878இல் 'மினூட்சோலோ' என்னும் நூல்களை எழுதினார். நல்ல பிள்ளை எப்படி இருக்க வேண்டும், நாட்டின் மலைகள் எவை, ஆறுகள் எவை என்று கதையோடு கலந்து கற்பிக்கும் நூல்கள் இவை. ஆசிரியர்கள் பாராட்டினர், பள்ளிகள் வாங்கின. பின்னர், 1881ஆம் ஆண்டு ஜூலையில், உரோமையில் சிறுவர்க்கென வார இதழ் ஒன்று தொடங்கப்பட்டபோது, மரப்பொம்மை ஒன்றைப் பற்றிய சில பக்கங்களை அதற்கு அனுப்பி வைத்தார். இது வெறும் சிறுபிள்ளைத்தனம், விருப்பம்போல் செய்துகொள்ளுங்கள், அச்சிடுவதானால் மேலும் எழுத ஆசை வரும்படி நன்றாகப் பணம் கொடுங்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பையும் சேர்த்தார்.

பொறுப்போடு எழுதிய 'ஜன்னெத்தினோ'வை இன்று ஆராய்ச்சியாளரன்றி வேறெவரும் தொடுவதில்லை. சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட்டதோ உலகின் மிகப் பல மொழிகளுக்குச் சென்றிருக்கிறது. ஒரே ஆசிரியர், ஏறத்தாழ ஒரே காலம், அதே வயதுச் சிறுவர்கள். ஆயினும் ஒன்று மாண்டது, மற்றொன்று வாழ்கிறது. நம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

வேறுபாடு எங்கே இருக்கிறது? பாடநூலில் முடிவு முதலிலேயே ஆசிரியரின் கையில் இருக்கிறது. சிறுவன் திருந்தப்போகிறான் என்பது அவருக்குத் தெரியும், ஆசிரியர்களுக்குத் தெரியும், படிக்கும் சிறுவனுக்கும் தெரியும். கதைமாந்தனுக்குச் சுதந்திரம் இல்லை. அவன் போதனையின் வேலையாள். மரப்பொம்மையின் கதையிலோ, அடுத்து இவன் என்ன செய்வான் என்பது எழுதுகிறவருக்கே தெரியாது என்று தோன்றுகிறது. செதுக்கி முடிக்கும் முன்பே தன்னைச் செதுக்குகிறவரின் பொய்முடியைப் பறித்துக்கொள்கிற பொம்மை அது. கால்களைச் செதுக்கியதும் முதலில் கிடைப்பது உதை. நடக்கக் கற்றுக்கொண்டதும் தெருவில் ஓட்டம். உண்மையான சுதந்திரத்தோடு படைக்கப்பட்ட ஒருவனைக் குழந்தை உடனே அடையாளம் கண்டுகொள்கிறது.

அறிவுரை சொல்வதைக் குழந்தைகள் வெறுக்கிறார்கள் என்பதன்று நம் கருத்து. முன்பே முடிவு செய்யப்பட்டுவிட்ட கதையை அவர்கள் மன்னிப்பதில்லை, அவ்வளவே. 1715இல் ஐசக் வாட்ஸ் என்னும் ஆங்கிலப் போதகர் சிறுவர்க்கென அறப்பாடல்கள் வெளியிட்டார். நூற்றைம்பது ஆண்டுகள் இங்கிலாந்துப் பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்தார்கள். சோம்பியிராமல் தேனீயைப்போல் உழைக்கச் சொல்லும் பாடல் அவற்றுள் பெயர்பெற்றது. 1865இல் லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதியவர், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் திருத்தொண்டரும்கூட. அவருடைய ஆலிஸ் அந்தத் தேனீப் பாடலைச் சொல்ல முயல்கிறாள். வாயில் வருவதோ மீன்களைப் புன்னகையோடு வரவேற்கும் முதலையைப் பற்றிய பாட்டு. இன்று அந்தத் தேனீயை நினைப்பவர்களுள் மிகப் பெரும்பாலோர் முதலையின் தயவால்தான் நினைக்கிறார்கள். அதே நூலில் எதைப் பார்த்தாலும் அதற்கொரு நீதி சொல்லும் சீமாட்டி ஒருத்தி வருகிறாள். மறையுரை ஆற்றும் பொறுப்பில் உள்ள எவரும் அப்பகுதியை ஆண்டுக்கொரு முறை படிப்பது நலம்.

நம் மண்ணிலும் இதை ஒத்த ஒன்று நிகழ்ந்ததுண்டு. நிகழ்த்தியவரும் ஓர் இத்தாலியரே. 1680இல் பிறந்து தமிழகத்தில் மறைப்பணியாற்றிய வீரமாமுனிவர், புனித சூசையப்பரைக் காவியத் தலைவராக்கித் 'தேம்பாவணி' பாடினார். அகராதியும் இலக்கணமும் செய்தார். இவற்றினிடையே, தமிழ் கற்போர்க்கு எளிய உரைநடையில் பயிற்சி தரும்பொருட்டு, ஓர் அசட்டுக் குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் பற்றிக் கதை எழுதினார். 1822இல் அது ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சாயிற்று. 'தேம்பாவணி'யின் ஒரு செய்யுளையும் அறியாத சிறுவன், ஆற்றைக் கடந்தபின் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவன் குறைகிறானே என்று கதறும் அந்தச் சீடர்களை அறிவான். முனிவர் அவர்களுக்கு மட்டி, மடையன் என்று பெயர் வைத்தாரேயன்றி, அவர்களைத் திருத்த முற்படவில்லை. தன்னை எண்ண மறந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் சிறுவன், அதற்கு விளக்கவுரை கேட்பதில்லை.

மீண்டும் மரப்பொம்மையிடம் வருவோம். திரைப்படத்தின் வழியே மட்டும் இக்கதையை அறிந்தவர்கள் நூலைத் திறந்தால் திகைத்துப் போவார்கள். படத்தில் பொம்மையின் தோழனாக, மனச்சான்றின் குரலாகக் கடைசிவரை கூடவே வரும் வெட்டுக்கிளியை எல்லாரும் அறிவோம். நூலில், வீட்டுச் சுவரில் நூறாண்டுகளாக வாழும் அந்தப் பேசும் பூச்சி நான்காம் அதிகாரத்தில் நல்லுரை சொல்லத் தொடங்குகிறது. பொம்மை மரச்சுத்தியலை எடுத்து எறிகிறது. பூச்சி சுவரோடு ஒட்டிச் செத்துப்போகிறது. பள்ளிகளுக்கு அறநூல் எழுதி அலுத்த ஒருவர், அறவுரையின் கதி என்னவென்று இவ்வளவு நேர்மையாக எழுதியதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். சற்றே கலங்கவும் செய்கிறோம். பூச்சி சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் உண்மையாக இருப்பது மட்டும் போதவில்லை. (பின்னர் அது ஆவியாக வருகிறது, மருத்துவராகவும் வருகிறது. மனச்சான்றைச் சுத்தியலால் ஒரேயடியாகக் கொன்றுவிட இயலாது என்பது இதன் பொருளா, தொடர்கதை எழுதுவோருக்கு வரும் மறதியா என்று கேட்டால், இரண்டும் இருக்கலாம் என்போம்.)

பொம்மையின் மனத்தைத் தொடுவது வேறொன்று. அவனைச் செதுக்கிய ஏழை முதியவரின் பெயர் ஜெப்பெத்தோ. அது ஜுசெப்பே என்ற பெயரின் செல்ல வடிவம். நம் வழக்கில் சொன்னால் 'சூசை'. மகனைப் பள்ளிக்கு அனுப்ப அரிச்சுவடி வாங்கப் பணமில்லை. வெளியே பனி பெய்துகொண்டிருக்கிறது. கிழவர் ஒட்டுப்போட்ட தம் மேலங்கியை அணிந்து வெளியே போகிறார். திரும்பி வரும்போது கையில் அரிச்சுவடி இருக்கிறது, உடலில் அங்கி இல்லை. எங்கே என்று மகன் கேட்கிறான். வெக்கையாக இருந்தது, விற்றுவிட்டேன் என்கிறார். பொய் சொன்னால் மூக்கு நீளும் என்று உலகப் புகழ் பெற்ற நூலில், இந்தப் பொய்க்குத் தண்டனை இல்லை. மகனுக்குப் புரிந்துவிடுகிறது, தாவிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். அடுத்த நாளே அந்த அரிச்சுவடியை விற்றுப் பொம்மலாட்டத்திற்கு நுழைவுச்சீட்டு வாங்கிவிடுகிறான்!

இந்த இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதைக் குழந்தை அறியும். நேற்று உண்மையாகவே அழுதவன் இன்று அதே தவற்றைச் செய்கிறான். அதனால் நேற்றைய கண்ணீர் பொய்யாகிவிடுவதில்லை. நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று இருவரைப் படைத்து, ஒருவனுக்குப் பரிசும் மற்றவனுக்குப் பாழுங்கிணறும் தருகிற கதைகள் மறைக்கல்வி வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுகின்றன. அவற்றைக் கேட்கும் சிறுவன், இவ்விருவரில் நான் யாருமில்லையே என்று உள்ளுக்குள் உணர்கிறான். தன்னைப் பற்றிய உண்மை அக்கதையில் இல்லாததால் அதை மறந்துவிடுகிறான். கொல்லோதி அவனைப் பற்றிய உண்மையைச் சொன்னார்.

உலகைப் பற்றிய உண்மையையும் சொன்னார். தன் பொற்காசுகளைத் திருடர்களிடம் பறிகொடுத்த பொம்மை நீதிமன்றத்திற்குச் செல்கிறது. நீதிபதி ஒரு முதிய மனிதக் குரங்கு. பரிவோடு கேட்கிறார், கண் கலங்குகிறார், பின் திருட்டுக் கொடுத்தவனைச் சிறையிலடைக்க ஆணையிடுகிறார். நான்கு மாதம் கழித்துக் குற்றவாளிகளுக்குப் பொதுமன்னிப்பு வருகிறது. குற்றமற்றவன் என்பதால் அவனுக்கு விடுதலை இல்லை. நானும் குற்றவாளிதான் என்று சொன்ன பிறகே சிறைக்கதவு திறக்கிறது. காவல் நிலையத்து வாசலில் ஒரு நாளேனும் காத்திருந்த எந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இப்பகுதிக்கு உரையாசிரியர் தேவையில்லை.

இனித் தூக்குமரம். 1881 அக்டோபர் 27ஆம் நாளிட்ட இதழில் அந்த அதிகாரம் வெளிவந்தது. ஏமாற்றிவிட்டு வந்த தந்தையை எண்ணி, அவர் இங்கே இருந்தால் என்று முனகி, மேலே பேச மூச்சின்றிப் பொம்மை விறைத்துப்போகிறது. கதையை அத்தோடு முடித்துவிட்டார் கொல்லோதி. இரண்டாம் பாகம் எழுதும் எண்ணம் அப்போது இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் படித்த சிறுவர்கள் விடவில்லை; கதை தொடர வேண்டுமென்று கேட்டார்கள். இதழை நடத்தியவர்களும் வற்புறுத்தினார்கள். 1882 பிப்ரவரியில் கதை மீண்டும் தொடங்கியது. நீலக்கூந்தல் சிறுமி ஒருத்தி சன்னலைத் திறந்து பார்த்து, பருந்தை அனுப்பி மரத்திலிருந்து அவனை இறக்கச் செய்கிறாள். 1883 ஜனவரியில் கதை முடிந்து, அவ்வாண்டே நூலாகவும் வந்தது. இன்று நாம் படிக்கும் 36 அதிகாரங்களுள் பாதிக்கு மேற்பட்டவை குழந்தைகள் ஒரு மரணத்தை ஏற்க மறுத்ததால் கிடைத்தவை.

அந்தத் தாயின் கேள்விக்கு உரிய இடம் இதுவே. அச்சிறுவர்கள் தூக்குமரத்தைக் கண்டு நூலை எறிந்துவிட்டு ஓடவில்லை. கொடூரமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. அது நிகழ்ந்தது என்பதை ஏற்றார்கள். அதுவே முடிவு என்பதைத்தான் ஏற்கவில்லை. சாவைப் பற்றிக் குழந்தை கேட்கும் கேள்வி பெரும்பாலும் இத்தகையது. அச்சமூட்டும் செய்தியைவிட, அச்சத்தில் தனியே விடப்படுவதே குழந்தைக்குத் தாங்க முடியாதது. ஒரு வாரம் கழித்து அந்தத் தாய் மீண்டும் வந்தார். அவர் மகன் கயிற்றைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். "அவங்க அப்பா இப்ப எங்கே இருக்கார்?" என்றுதான் கேட்டானாம். நூலும் அதே கேள்வியைத்தான் அடுத்த இருபது அதிகாரங்களுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மகனைத் தேடிச் சிறு படகில் கடலில் இறங்கிய கிழவர் இராட்சதச் சுறா ஒன்றின் வயிற்றில் மெழுகுதிரி வெளிச்சத்தில் அமர்ந்திருக்கிறார்.

எல்லா அச்சமும் நல்லது என்று இதனால் கூறிவிடக்கூடாது. 1670களில் ஜேம்ஸ் ஜேன்வே என்னும் ஆங்கிலப் போதகர் பக்தியுள்ள குழந்தைகள் இறந்த வரலாறுகளைத் தொகுத்துச் சிறுவர்க்கென வெளியிட்டார். பல தலைமுறைகள் அதைப் படிக்க வைத்தன. அங்கும் சாவு உண்டு. ஆனால் சாவு அங்கே ஒரு பிரம்பு. நீயும் நாளை சாகலாம், ஆகவே இன்றே திருந்து என்று அது ஓங்கப்படுகிறது. ஓங்கும் கையைக் குழந்தை காண்கிறது. கொல்லோதியின் கையில் பிரம்பு இல்லை. அவர் மரத்தடியில் குழந்தையோடு நின்று தாமும் அண்ணாந்து பார்க்கிறார்.

நம் பங்குகளில், நவம்பர் இரண்டாம் நாள் மாலை, கல்லறைத் தோட்டத்தில் பிள்ளைகள் மெழுகுதிரி ஏந்தித் தாத்தாவின் குழிமேல் பூத் தூவுகிறார்கள். வீட்டில் சாவு நேர்ந்தால் பிணத்தருகே உட்கார்ந்திருக்கிறார்கள்; எவரும் அவர்களை வேற்றறைக்கு அனுப்புவதில்லை. அவ்வாறு வளரும் பிள்ளையின் புத்தகத்திலிருந்து மட்டும் சாவை நீக்கிவிடுவது பாதுகாப்பு ஆகுமா? அது, நீ கண்ணால் கண்டதைப்பற்றி இங்கே பேச ஆள் இல்லை என்று சொல்வதாகும். 1952இல் அமெரிக்கரான ஈ. பி. ஒயிட் எழுதிய 'சார்லட்டின் வலை'யில், ஒரு பன்றிக்குட்டியின் உயிரைத் தன் வலையின் எழுத்துகளால் காப்பாற்றிய சிலந்தி, சந்தை கலைந்த வெறும் திடலில் தன்னந்தனியே இறந்துபோகிறது. 1970இல் அந்நூலை ஒலிப்பதிவுக்காகத் தாமே படித்த ஒயிட், அவ்விடத்தைக் கடக்க முடியாமல் பலமுறை நிறுத்தி நிறுத்திப் படிக்க நேர்ந்தது. எழுதி ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆகியும் அவருக்கே அது பொய்யாகிவிடவில்லை. குழந்தைக்கென ஒருவிதமாகவும் தமக்கென வேறுவிதமாகவும் அவர் எழுதவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

விளம்பரமும் திரைப்படமும்தான் இந்நூல்களை வாழவைக்கின்றன என்போர் உண்டு. பினோக்கியோ ஆங்கிலத்தில் வந்தது 1892இல். டிஸ்னியின் படம் வந்தது 1940இல். படம் வருமுன்பே நூல் உலகைச் சுற்றிவிட்டது. படத்தைக் குறைகூறுவதும் நம் நோக்கமன்று. அது தன்னளவில் அழகிய படைப்பு. ஆயினும் பொம்மையை அது அறியாப்பிள்ளை ஆக்கிவிட்டது. சுத்தியலை அவன் கையிலிருந்து எடுத்துவிட்டது.

திருச்சபையின் பெரியோர் சிலர் இந்த மரப்பொம்மையை விரும்பியது நம் வாசகர்க்கு வியப்பளிக்கலாம். 33 நாள் மட்டுமே திருத்தந்தையாக இருந்து 1978இல் மறைந்தவரும், 2022இல் அருளாளராக உயர்த்தப்பட்டவருமான முதலாம் யோவான் பவுல், வெனிஸ் நகர் முதுபெரும் தந்தையாக இருந்த நாள்களில் வரலாற்று மாந்தர்க்கும் கதைமாந்தர்க்கும் கடிதங்கள் எழுதினார். ஒரு கத்தோலிக்க மாத இதழில் வெளிவந்து, 1976இல் நூலான அக்கடிதங்களுள் ஒன்று பினோக்கியோவுக்கு எழுதப்பட்டது. ஏழு வயதில் முதன்முதலாக அந்நூலைப் படித்ததை அதில் நினைவுகூர்கிறார். பின்னாளில் பொலோஞ்ஞா நகரின் பேராயரும் கர்தினாலுமான ஜாக்கோமோ பிஃபி 1977இல் ஒரு படி மேலே சென்று, இக்கதைக்கு முழு இறையியல் விளக்கமே எழுதினார். படைப்பு, வீழ்ச்சி, மீட்பு என்னும் நம் விசுவாசத்தின் அமைப்பு இக்கதையின் எலும்புக்கூட்டிலேயே இருக்கிறது என்பது அவர் கருத்து. நூலில் கோவிலும் இல்லை, குருவும் இல்லை. கொல்லோதியும் பக்திநூல் எழுத உட்கார்ந்தவரல்லர். ஆயினும் தந்தையை விட்டோடிய மகன் தந்தையின்றி மகனாக முடியாது என்று கண்ட கர்தினாலின் பார்வை கூர்மையானது. அவருடைய நூலை மதிக்கிறோம். ஆனால் அதைப் பெரியவர்கள் மட்டும் படிப்பது நல்லது என்றும் எண்ணுகிறோம். விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதையைப் படித்துக்காட்டத் தொடங்கினால், ஆலிஸ் சந்தித்த சீமாட்டி நம் நாற்காலியில் வந்து அமர்ந்துகொள்வாள்.

கதையின் இறுதியை அந்தத் தாய் இன்னும் எட்டியிருக்கமாட்டார். பள்ளியின்றி விளையாட்டு மட்டுமே உள்ள நாட்டிற்குப் பொம்மையை அழைத்துச் சென்ற நண்பனுக்கு, மெலிந்த உடலால், விளக்குத்திரி என்று பட்டப்பெயர். இருவரும் அங்கே கழுதைகளாகிறார்கள். படம் அந்த நண்பனை அவ்வாறே விட்டு நகர்ந்துவிடுகிறது. நூல் அவனை மறக்கவில்லை.

சுறாவின் வயிற்றிலிருந்து தந்தையைத் தோளில் சுமந்து கரைசேர்த்த பொம்மை, நோயுற்ற அவருக்குப் பால் தேடிப் போகிறது. கையில் காசில்லை. நூறு வாளி நீர் இறைத்தால் ஒரு குவளைப் பால் தருவேன் என்கிறார் தோட்டக்காரர். நம் ஊர்க் கவலையில் மாடுகள் செய்த வேலையை அங்கே ஒரு கழுதை சக்கரத்தைச் சுற்றிச் செய்துவந்தது. இதுவரை என் கழுதை செய்தது, இப்போது சாகக் கிடக்கிறது என்று அவர் சொல்ல, பொம்மை தொழுவத்திற்குள் போய்ப் பார்க்கிறான். பட்டினியாலும் உழைப்பாலும் தேய்ந்து வைக்கோலில் கிடக்கிறது அந்த விலங்கு. குனிந்து, கழுதைகளின் பேச்சிலேயே, யார் நீ என்று கேட்கிறான். அது கண்ணைத் திறந்து தன் பெயரைத் திக்கிச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. ஒரு பிடி வைக்கோலால் முகத்தில் வழிந்த கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான். உனக்கு ஒரு காசும் செலவு வைக்காத கழுதைக்காக ஏன் அழுகிறாய் என்று தோட்டக்காரர் கேட்கிறார். என்னோடு படித்தவன் என்றதும் உரக்கச் சிரிக்கிறார். பொம்மை மறுமொழி சொல்லவில்லை. பால் குவளையை வாங்கிக்கொண்டு தந்தையிடம் போய்விடுகிறான்.

மறுநாள் விடியுமுன் எழுந்து அதே தோட்டத்திற்கு வருகிறான். ஐந்து மாதங்களுக்கு மேல், நாள்தோறும், நண்பன் சுற்றிச் சுற்றி மாண்ட அந்தச் சக்கரத்தை அவன் சுற்றுகிறான். நாள்தோறும் ஒரு குவளைப் பால் வீட்டிற்கு வருகிறது.